நிதி யாருக்கு: விண்ணப்பித்தவர்களே வாக்களிப்பதா, தேர்வுக் குழு தேர்ந்தெடுப்பதா?

2010இல் தொடங்கிய ஃபிரிடா என்ற இளம் பெண்ணியர் நிதியம், பணம் கேட்டு வந்தவர்களையே நடுவர்களாக்குகிறது. தகுதி பார்த்துச் சலித்த விண்ணப்பங்களை, அதே வட்டாரத்திலிருந்து விண்ணப்பித்த மற்றக் குழுக்கள் படித்து வாக்களிக்கின்றன. 2012இல் உருவான ரெட் அம்ப்ரெல்லா நிதியம் வேறு வழியில் போகிறது. பாலியல் தொழிலாளர் அமைப்புகளுக்குப் பணம் கொடுக்கும், ஆம்ஸ்டர்டாமிலுள்ள இந்நிதியத்தில், பாலியல் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக அமர்ந்த தேர்வுக் குழுவே விண்ணப்பங்களை எடைபோடுகிறது.

வாக்களிப்பு முறையில் என்னை ஈர்ப்பது அந்த வாசிப்புதான். வழக்கமான கொடை முறையில் தோற்ற குழுவுக்கு ஒரு நிராகரிப்புக் கடிதம்தான் மிஞ்சும். இங்கே பக்கத்து நாட்டில் யார், எதற்காகப் போராடுகிறார்கள் என்பது தோற்றவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. குறையும் உண்டு: அழகாக எழுதத் தெரிந்த குழு முந்திக்கொள்ளும், களத்தில் ஓடி ஓடி உழைத்து, நாலு பக்கம் எழுதத் திணறும் குழு பின்தங்கும்.

பாலியல் தொழிலாளர்களுக்கு இம்முறையில் ஆபத்தே இருக்கிறது. பல நாடுகளில் அவர்களது தொழில் குற்றம். எந்த ஊரில் கூடுகிறார்கள், எந்தக் காவலர்மீது வழக்குப் போடப்போகிறார்கள் என்பதையெல்லாம் முன்பின் அறியாத பலர் படிப்பது சரியல்ல. அவர்களுக்குச் சிறு தேர்வுக் குழுவே பாதுகாப்பு. இன்னொரு காரணமும் உண்டு: நோய்த்தடுப்புக்குத் தாராளமாகக் கொடுக்கும் கொடையாளர்கள், பாலியல் தொழிலாளர்களின் தொழிற்சங்கம் என்றதும் தயங்குவார்கள். கைதாகிக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அந்தக் குழுவில் இருந்தால், சங்கம் எதற்கென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், அதே முகங்களே குழுவில் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அதுவும் இன்னொரு அலுவலகமாகிவிடும். சுழற்சி கட்டாயம் வேண்டும்.

இவ்விரண்டும் கொடைப் பணம். கொடையாளர் மனம் மாறினால் நின்றுபோகும். கேரளத்தில் கதை வேறு. உள்ளூர்த் திட்டங்களை உள்ளூர் மக்களே தீட்டுவதற்காக 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே, உள்ளாட்சித் திட்ட நிதியில் 10 விழுக்காடு பெண்களுக்கான திட்டங்களுக்கு என்ற விதி வந்தது. அது வரிப்பணம், யாரிடமும் கையேந்த வேண்டாம். பணத்தின் அளவிலும் நிலைப்பிலும் இதற்கு ஈடில்லை. ஆனால் ஆடு, கோழி, தையல் எந்திரம் என்று பழைய தடத்திலேயே திட்டங்கள் ஓடின என்ற விமர்சனம் தொடக்கத்திலேயே எழுந்தது. திட்டங்களை முன்வைக்கும் கிராமசபையில், ஊரார் முன்னிலையில் எழுந்து வீட்டு வன்முறையைப் பற்றிப் பேசுவது எத்தனை பெண்களால் முடியும்?

ஆகவே பாலியல் தொழிலாளர், திருநர் போன்றோருக்குத் தேர்வுக் குழு முறையையும், இளையோர் அமைப்புகளுக்கு வாக்களிப்பையும் பரிந்துரைப்பேன். கேரளத்தின் 10 விழுக்காட்டை விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தத் திட்டம் முதலில் என்ற வாக்கை மட்டும் கேரள அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் (அக்கம்பக்கத்துப் பெண்களின் சிறு குழுக்களில்) அமரும் பெண்களிடம், ரகசிய வாக்காகவே, கொடுத்துவிட வேண்டும்.