எல்லை ஊர் மேடைக்கு ‘அங்கிகா’வா, ‘சரீரா’வா?

நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் படைப்புகளுள் 1985இன் ‘அங்கிகா’வையும் 2001இன் ‘சரீரா’வையும், எதை முதலில் மேடையேற்றலாம் என்று, கேரள எல்லையில் உள்ள பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழர்களை மனத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். பரதம், கேரளப் போர்க்கலையான களரிப்பயட்டு, யோகம் மூன்றையும் ஒரே வேரின் கிளைகளாகக் காட்டும் ‘அங்கிகா’ கூட்டு ஆட்டம் என்பதால், அகன்ற மேடையும் கூடுதல் வழிச்செலவும் வேண்டும். ‘சரீரா’வுக்கு ஆட்டக்காரர் இருவரே போதும், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்னும் பழைய இந்துஸ்தானி இசையில் டிஷானி தோஷியும் களரி பயின்ற ஷாஜி ஜானும் மிக மெதுவாக அசைந்த அப்படைப்பில், பெண்ணுடலின் ஆற்றலே பொருள். பயணத்துக்கு எளியது இதுவே என்றாலும், அந்த நிதானம் இருளும் அமைதியும் உள்ள அரங்கைக் கேட்கிறது. கோயில் திடலில் அது சிதைந்துவிடும். பாலக்காட்டு நாட்டார் ஆட்டமான கண்ணியார்களியின் வேகத்தையும் களரியின் சுவடுகளையும் கண்டு பழகிய நம் மக்களுக்கு, செலவு கூடினாலும், முதலில் ‘அங்கிகா’வையே நான் பரிந்துரைப்பேன்.