போக்கர் கணக்கு சொல்லித் தருகிறேன் என்று 14,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நேற்று ராத்திரி என்னை அந்த வகுப்பின் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை. வேறு யாரும் மாட்டக்கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் புளியங்கொட்டை வைத்து போக்கர் ஆடுவோம். காசு கிடையாது. கையிலுள்ள சீட்டு மேம்பட எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டு ஆட ஆசைப்பட்டு ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 14,500.

இலவச டெமோவிலேயே விழுந்துவிட்டேன். வகுப்பு எடுப்பவர் பச்சைத் துணியில் சீட்டைப் பரப்பினார். கையில் 2 ஆட்டின், ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில்) 2 ஆட்டின். "மொத்தம் 13, அதுல 4 போக 9 பாக்கி. 4-ஆல பெருக்குங்கண்ணா, 36 சதவீதம்" என்று ஒவ்வொரு சீட்டாகத் தொட்டு எண்ணிக் காட்டினார். அந்த நிதானத்தை நம்பினேன். அந்தக் கணக்கும் ஏறக்குறைய சரிதான். இரண்டு சீட்டு வரவேண்டியிருக்கும்போது ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய சுமார் 35 சதவீதம் வாய்ப்பு உண்டு. "பிடிக்கலன்னா 7 நாளுக்குள்ள முழுப் பணமும் வாபஸ்" என்றார். அப்போதே யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் வகுப்பில் டர்ன் சீட்டும் (நடுவில் திறக்கும் நான்காவது சீட்டு) வந்துவிட்டது, ஆட்டின் விழவில்லை. அப்போதும் அதே 36 என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள், ப்ளஸ் ஒன் படிக்கிறவள், "மாமா, இன்னும் ஒரு சீட்டுதானே வரணும்? தெரியாத சீட்டு 46, அதுல 9" என்று நோட்டில் போட்டுக் காட்டினாள். 19.6 சதவீதம்!

இது சின்னத் தப்பு இல்லை. நடுவில் 20 கொட்டை இருக்கிறது, எதிராளி 10 வைக்கிறார். நாம் 10 போட்டு அந்த 30-ஐ எடுக்கப் பார்ப்பது கட்டுப்படியாக, நாலில் ஒரு தடவையாவது சீட்டு விழவேண்டும். 36 என்று நம்பினால் போடுவோம், 19.6 என்று தெரிந்தால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவோம். பாடத்தின் உயிரே இந்த இடம்தான்.

கேட்டேன். "அது அட்வான்ஸ் லெவல்ணா, போகப் போகப் புரியும்." பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அட்மின்கிட்ட பேசுங்க." அட்மின், "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியாச்சு சார், திங்கட்கிழமை பாருங்க" என்றார். திங்கட்கிழமை எட்டாவது நாள். "7 நாள் முடிஞ்சுபோச்சே சார்." வேண்டுமென்றே இழுத்தடித்திருக்கிறார்கள். 14,500 ரூபாய், என் அரை மாதச் சம்பளம்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாக: ஒரு சீட்டு பாக்கி என்றால் நமக்கு உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்குங்கள், இரண்டு என்றால் மட்டும் 4. வாபஸ் வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். "பிராக்டிஸ் டேபிள்" என்று பணம் கட்டச் சொல்லி லிங்க் அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கே 2025-ல் மத்தியச் சட்டம் தடை போட்டிருக்கிறது. பேசியதை எல்லாம் அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. குழுவிலிருந்து நீக்கியதும் பழைய செய்தி ஒன்றுகூடத் திறக்கவில்லை. யுபிஐ ரசீது மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்து இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.