சருகை எரிப்பதா, வாருவதா, ஆட்டை விடுவதா?

மார்கழியில் உறைபனி விழுந்தால் கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இங்கேயே குடியிருப்பவனுக்கு அது வேறு கணக்கு. பனி பட்ட புல் கருகிவிட்டது; மாசி வெயில் ஏறியதும் அது அத்தனையும் அடுப்பெரிக்க ஏற்ற விறகு. வில்பட்டிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் இருபது சென்ட் நிலத்துக்கு மேலே தெரு, கீழே சரிவு. சரிவு முடியும் இடத்தில் காப்புக்காட்டின் எல்லைக்கல். பொங்கல் முடிந்ததும் ஆண்டுதோறும் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: இந்தச் சருகை என்ன செய்வது?

எரிப்பதற்குத்தான் ஊரில் ஆதரவு அதிகம் என்பதால் அதன் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். கூலி மிச்சம். அரை மணி நேரத்தில் வேலை முடியும். சாம்பல் பூண்டுப் பாத்திக்கு ஆகும். "வனத்துறையே காட்டுத்தீ பரவாமலிருக்கத் தீக்கோடு போட்டு எரிக்கிறது, நீங்கள் எரித்தால் மட்டும் என்ன தம்பி?" என்று எங்களிடம் வேலைக்கு வரும் பெரியவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் இரண்டு ஓரமும் புல்லைச் செதுக்கிவிட்டு, காற்று எழும்புவதற்கு முன்பே, வரிசையாக ஆள் நிறுத்தி எரிக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு தீப்பெட்டியும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் குழாயும்.

நானும் ஒருமுறை எரித்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், காலை எட்டு மணிக்கு, வாட்டில் சருகு ஒரு குவியல். (வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம்; இங்கே அதைச் சவுக்கு என்பார்கள், உதகைப் பக்கம் சீகை.) பத்து மணிக்கு அணைந்துவிட்டது. இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றினேன். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, குவியல் இருந்த இடத்திலிருந்து ஐந்தாறு முழம் தள்ளி, ஒரு பழைய அடிக்கட்டையின் ஓரத்தில் நூல் போலப் புகை. மண்வெட்டியால் கொத்தினால் உள்ளே உமி மூட்டம் போலச் சிவப்பு. நெருப்பு வேரைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க மண்ணுக்கடியில் நடந்திருக்கிறது. அன்று நான் வீட்டில் இல்லாமல் வத்தலக்குண்டுக்கு இறங்கியிருந்தால் அது எல்லைக்கல்லைத் தாண்டியிருக்கும்.

தாண்டினால் அது வெறும் கைத்தவறு ஆகாது. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தில், காப்புக்காட்டுக்கு ஆபத்து வரும் விதத்தில் தீ மூட்டுவதே குற்றம். காடு எரிந்த பிறகுதான் குற்றம் என்று இல்லை. 'என் பட்டா நிலத்தில்தான் வைத்தேன்' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. சருகோடு பால் உறையையும் பிஸ்கட் தாளையும் சேர்த்து எரிப்பவர்களுக்கு இன்னொன்று: திடக்கழிவு விதிகள் குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கவே கூடாது என்கின்றன.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. வாட்டில் விதையின் ஓடு கடினமானது. மண்ணுக்குள் பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். சூடு பட்டால் ஓடு விரிந்து முளைக்கும். நான் எரித்த அந்த வட்டத்தில் அடுத்த மழைக்கு எழுந்த கன்றுகளை எண்ண முடியவில்லை, கீரைப் பாத்தி போல இருந்தது. வாட்டிலை ஒழிக்க எரிப்பது, வாட்டிலுக்கு நாற்றங்கால் போடுவது.

வாருவது சலிப்பான வேலை. இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் பிடிக்கும், இடுப்பு ஒரு வாரத்துக்கு வலிக்கும். வாட்டில் இலை பொடி. வாரியின் பற்களுக்கிடையே நழுவிவிடும், தென்னந்துடைப்பம்தான் சரி. பைன் ஊசி நேர் எதிர்: பாய் சுருட்டுவது போல ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே போகலாம். வாரியதை எங்கே போடுவது என்பதுதான் தலைவலி. பைன் ஊசியும் யூகலிப்டஸ் இலையும் லேசில் மட்காது. நாங்கள் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளிக் குழி எடுத்து, ஒரு அடுக்குச் சருகு, ஒரு அடுக்குச் சாணக் கரைசல், மேலே மண் என்று போடுகிறோம். முழுதாக மட்க ஒரு வருடம் போதாது. போகட்டும், ஈரமாகக் கிடக்கிற சருகு எரியாது, எனக்கு அது போதும். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நிழல் மரச் சருகைச் செடிக்கடியிலேயே மூடாக்காக விடுகிறார்கள். அந்த நிழலுக்கும் ஈரத்துக்கும் அது பொருந்தும். அதைப் பார்த்துவிட்டு மேல்மலையில் சுவரோரம் சருகைப் பரப்புவது விபரீதம்.

ஆடு மாடு விடலாம் என்பார்கள். பச்சைப் புல் இருக்கும்போதே விட்டால் பலன் உண்டு, காய்வதற்குப் புல்லே மிஞ்சாது. ஆனால் எந்த ஆடும் பைன் ஊசியைத் தின்று நான் பார்த்ததில்லை. காப்புக்காட்டுக்குள் மேய்ச்சல் கூடாது, செந்நாய் பயம் வேறு. காட்டுமாடு மட்டும் கூலி கேட்காமல் வந்து மேய்கிறது. போகும்போது வேலியையும் கொண்டுபோகிறது.

எந்த வழியானாலும் எவ்வளவு அகலம் துப்புரவாக்குவது என்பதைச் சரிவுதான் முடிவு செய்கிறது. மேட்டில் ஏறும் தீ தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துக்கொண்டு வருகிறது. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேலே வீசும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணியில், காய்ந்த புல் நிறைந்த சரிவில் சிக்கிய மலையேற்றக் குழுவினருக்கு நேர்ந்தது அதுதான். 23 பேர் இறந்தார்கள். ஆகவே வீட்டுக்கு மேல்பக்கம் பத்தடி செதுக்கினால் கீழ்ப்பக்கம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு செதுக்குங்கள். எங்கள் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: தெருவைப் பார்க்கும் பக்கம் பளிச்சென்று இருக்கும், பள்ளத்துப் பக்கம் புதர். பைன் சரிவுக்குக் கீழே வீடு இருந்தால் மேல்பக்கத்தையும் விடக்கூடாது, எரியும் பைன் காய் உருண்டு வரும்.

கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை தீப்பிடிக்கக்கூடிய புல், சருகு, புதரைக் குறைத்துவைக்க வேண்டும் என்று சட்டமே வீட்டுக்காரனுக்கு உத்தரவு போடுகிறது. நமக்கு நிலைமை வேறு. இருபது சென்ட்காரன் 100 அடி அளந்தால் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போய் நிற்பான். மரத்திலும் கை வைக்க முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் வெட்ட, அதற்கென உள்ள அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் இந்த மலை எப்போதோ மொட்டையாகியிருக்கும். ஆனால் கூரைமேல் சாய்ந்து நிற்கும் வாட்டிலுக்கும் இந்த மலைக்கே உரிய சோலை மரத்துக்கும் ஒரே மனு, ஒரே காத்திருப்பு என்பது இடிக்கத்தான் செய்கிறது. மரத்தில் கை வைக்க முடியாதவன் தரையில் வைக்கலாம். புல்லையும் சருகையும் வார யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

எல்லாம் மீறிப் பற்றிக்கொண்டால்? 2024 மார்ச்சில் குன்னூருக்கு அருகே காடு எரிந்தபோது விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வாளி கட்டித் தண்ணீர் கொட்டியது. அது காட்டுக்கு. நம் வீட்டுக்கு 101தான், அந்த வண்டியும் எங்கள் தெரு வளைவில் திரும்பாது. அதனால் மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானைப் பூண்டுக்கு அடித்து முடித்ததும் நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்திருக்கிறோம். விறகு அடுக்கு சுவரை விட்டுப் போய்விட்டது. தகரக் கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் வாய்க்காலில் போன மாதம் கைவிட்டுப் பார்த்தேன், ஒரு சாண் உயரத்துக்குப் பைன் ஊசி, மேலே ஒரு பழைய குருவிக்கூடு. பறந்து வரும் ஒரு பொறிக்கு அதைவிட நல்ல பஞ்சு மெத்தை கிடையாது. கீழே சரிவு முழுக்கச் செதுக்கிய எனக்கு மூன்று வருடமாக அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

இந்த ஆண்டும் வாருவதுதான் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன். "இரண்டு நாள் கூலி தம்பி, அப்புறம் சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள்" என்றார். திங்கட்கிழமை ஏணியோடு வருகிறார், கூரையிலிருந்து ஆரம்பம்.