இரவு எட்டு மணிக்கு இரை போடச் சொன்னார்கள்: பச்சோந்தியும் போனது, 615 டாலரும் போனது

நேற்று முன்தினம் காலை எங்கள் வீட்டுப் பச்சோந்தி செத்துப்போனது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். டொரன்டோ பக்கம் பிள்ளைகளுக்காகப் பச்சோந்தி வாங்க நினைப்பவர்கள் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

செப்டம்பர் தொடக்கத்தில், ஊர்வனவும் அவற்றின் தீனியும் மட்டுமே விற்கும் ஒரு கடைக்கு மகளுடன் போனேன். ஏமன் நாட்டு வகைக் குட்டி 120 டாலர். வலைக்கூண்டு, விளக்குகள், செடி எல்லாம் சேர்ந்த 'முழுத் தொகுப்பு' 425. வரியோடு 615 டாலர் 85 சென்ட். இந்தியாவில் காட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்த்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது பண்ணையில் பொரித்த குட்டி என்பதால்தான் சம்மதித்தேன்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். கடைக்காரர் குட்டியை எடுத்து மகளின் சுட்டுவிரலில் ஏற்றினார். ஒரு கண் அவளைப் பார்க்க, இன்னொரு கண் கூரையைப் பார்த்தது. அவள் மூச்சுவிடாமல் நின்றாள். அப்போது அவராகவே என்னிடம், "வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று கேட்டார். ஏழாகும் என்றேன். "அப்படியானால் எட்டு மணிக்குப் போடுங்கள். உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது போடலாம், இரவெல்லாம் நிதானமாகத் தின்னும்" என்றார். சொன்னதோடு விடவில்லை; ரசீதின் பின்பக்கத்தில் 'இரவு 8, பூச்சி 12' என்று நீல மையில் எழுதியும் கொடுத்தார். வாடிக்கையாளரின் வேலை நேரத்தைக்கூட விசாரிக்கிறாரே, எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் எழுதித் தந்தபடியே எட்டு மணிக்கு சுவர்க்கோழிப் பூச்சிகளை விட்டோம், ஒன்பதுக்கு விளக்கை அணைத்தோம். ஐந்தாவது வாரம் அது பூச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைக்குப் போன் செய்தேன். "இடம் புதிது, பழகிவிடும்" என்றார்கள். அடுத்த வாரம், "பூச்சி அலுத்திருக்கும், புழு வாங்கிப் போடுங்கள்" என்றார்கள். புழுவுக்கும் 14 டாலர் அழுதேன். அதன்பிறகு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. ஒரு நாள் காலை மகள் கூப்பிட்டுக் காட்டினாள்: வால் தொடங்கும் இடத்தில் குண்டூசி குத்தியதுபோல இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள்.

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்ட கேள்வியே, "எத்தனை மணிக்கு இரை போடுகிறீர்கள்?" பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பச்சோந்தி பகலில் நடமாடும் பிராணி. அதற்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது. காலையில் விளக்கடியில் ஒன்றிரண்டு மணி நேரம் காய்ந்து சூடேறிய பிறகுதான் வேட்டையாடும். தின்றது செரிக்கவும் பகல் முழுக்க அந்தச் சூடு வேண்டும். எட்டுக்குத் தின்னக் கொடுத்து ஒன்பதுக்குச் சூட்டை நிறுத்தினால், வயிற்றில் கிடப்பது எப்படிச் செரிக்கும்? தின்னாமல் மிஞ்சிய பூச்சிகளோ இருட்டில் தூங்குகிற பிராணியையே கடிக்கும். அந்தச் சிவப்புப் புள்ளிகள் அப்படிக் கடித்த காயங்கள்தான்.

இன்னொன்றும் சொன்னார். 'முழுத் தொகுப்பில்' சூடு தரும் விளக்கும் இரவுக்கென்று ஒரு சிவப்பு விளக்கும்தான் இருந்தன. எலும்பு உறுதிப்பட அவசியமான புறஊதா விளக்கு இல்லவே இல்லை. முன்னங்கால்கள் ஏற்கெனவே வளைய ஆரம்பித்திருந்தன. முழுத் தொகுப்பாம்!

எனக்குப் பொறுக்காதது இதுதான். நான் வீட்டிலிருந்து கிளம்புவது எட்டு மணிக்கு. விளக்கு தானாகவே ஐந்தரைக்கு எரியும்படி ஒரு டைமர் மாட்டியிருந்தால் ஏழு மணிக்கு இரை போட்டிருக்கலாம். அந்த டைமர் அதே கடையில், கல்லாவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

நேற்று நேரில் போனேன். அதே ஆள்தான். "உயிரினங்களுக்கு ஏழு நாள்தான் உத்தரவாதம்" என்றார். அவர் கையெழுத்தையே காட்டினேன். ரசீதை வாங்கினார், பின்பக்கத்தைப் பார்த்தார், திருப்பினார், முன்பக்கத்தில் 'விற்ற உயிரினம் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருந்த வரியில் விரலை வைத்தார். கூண்டையாவது பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பயன்படுத்திய பொருளாம். 615 டாலர் 85 சென்ட்! மருத்துவருக்குக் கொடுத்ததை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. இரையைக் காலையில் போடுங்கள், விளக்கு எரிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். பூச்சி அதன் தலை அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிப் போடுங்கள். விளக்கை அணைக்கும் முன் மிச்சப் பூச்சியைப் பொறுக்கிவிடுங்கள். புறஊதா விளக்கு இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மகள் கூண்டைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள், நான் போகிறேன்.