இருபதாயிரம் வெள்ளிக் காடும் ஓர் இலவச வரைபடமும்

விமர்சனம் என்றால் மீன் தலைக் கறிக்கு எழுதுவார்கள், கைப்பேசிக்கு எழுதுவார்கள். நான் ஒரு வரைபடத்துக்கு எழுதுகிறேன். சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையம் (யுஆர்ஏ) இணையத்தில் இலவசமாக விட்டிருக்கும் யுஆர்ஏ ஸ்பேஸ். எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று காட்டும் வரைபடம். ஐந்துக்கு நாலு. பிடித்துக்கொண்ட அந்த ஒன்றுக்குக் காரணம் பின்னால் வரும்.

நான் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக மேற்குப் பக்கம்தான் ஓட்டம். போன வருடம் மகளும் மாப்பிள்ளையும் மறுவிற்பனை வீடு தேட ஆரம்பித்தார்கள். அரசாங்கம் புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க நேரமில்லை, பேரப்பிள்ளை வயிற்றில். சுவா சூ காங் பக்கம் ஒரு நாலறை வீடு, பதினான்காவது மாடி. சமையலறைச் சன்னலைத் திறந்தால் காடு.

வீட்டைக் காட்ட வந்த ஏஜெண்ட் நம் ஆள்தான். சட்டையெல்லாம் பளபளவென்று இஸ்திரி போட்டிருந்தார்.

“அண்ணே, எதிர்ல ஒரு புளோக் உண்டா பாருங்க. காலையில கிளிச் சத்தம் கேட்டுத்தான் எந்திரிப்பீங்க. இந்தக் காடு எங்கயும் போகாது.”

அக்கம்பக்கத்து வீடுகளின் விலையைவிட இருபதாயிரம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கூடுதலாகக் கேட்டார்கள். வீடு பழசு, கழிவறைத் தரை மாற்ற வேண்டியது, மின்தூக்கியிலிருந்தும் தூரம். அப்படியென்றால் அந்த இருபதாயிரமும் கிளிச் சத்தத்துக்குத்தான். மனைவி குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சன்னல் பக்கம் போய் நின்றேன். அல்பீசியா மரங்கள், கழுத்தளவு புல், ஓரமாகக் கம்பி வேலி, அதில் அரசாங்க நிலம் என்று ஒரு பலகை. அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரே சாலையில் தினமும் ஆறேழு தடவை போய் வந்தால், இருக்கிற மரத்தைவிட இல்லாமல் போன மரம்தான் கண்ணில் நிற்கும். மேற்கில் புதிதாக எழும் தெங்கா நகரம் எனக்கு அப்படித்தான். முன்பு சாலையோரம் சுவர் மாதிரி மரம். பிறகு தகர வேலி. பிறகு செம்மண், லாரி, கிரேன். 700 ஹெக்டர் இடம். 2023-ல் முதல் குடும்பங்கள் குடி வந்துவிட்டன. அந்தக் காட்டைப் பற்றியும் எங்கயும் போகாது என்று யாராவது ஒரு வீட்டுச் சன்னலில் நின்று சொல்லியிருப்பார்கள்.

கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைப் போட்டார். புளோக் வந்து நின்றது. பெருந்திட்டம் என்ற அடுக்கைத் தட்டியதும் ஊரே வண்ணமாக மாறியது. பூங்காவுக்குப் பச்சை, கடைகளுக்கு நீலம், தொழிற்பேட்டைக்கு ஊதா. சன்னலில் நான் பார்த்த காட்டைத் தேடினேன். பச்சையைக் காணோம். புளோக்கை ஒட்டிய பாதி, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு என்ன நிறமோ அதே நிறம். அதன் நடுவில் பொடியாக 2.8 என்று ஓர் எண். அதற்கு அப்பால் இருந்த பாதி வெளிர் மஞ்சள்.

“மாமா, இது குடியிருப்புன்னு போட்டிருக்கு” என்றார் மாப்பிள்ளை. அவருடைய தே ஓ, பாலில்லாத தேநீர், ஆறிப்போனது.

இந்த 2.8 என்ன என்பதை வீடு வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலத்தின் பரப்பளவைப் போல் எத்தனை மடங்கு தரைப்பரப்பு கட்டலாம் என்பதுதான் அது. 10,000 சதுர மீட்டர் நிலத்தில் 2.8 என்றால், எல்லா மாடிகளையும் கூட்டினால் 28,000 சதுர மீட்டர்வரை போகலாம். வீட்டுக்கு நூறு சதுர மீட்டர் என்று குத்துமதிப்பாக வைத்தால் 280 வீடு. தனியார் அடுக்குமாடிகளுக்கு ஆணையம் வைத்திருக்கும் வழிகாட்டியில் 1.4-க்கு 5 மாடி, 2.1-க்கு 24, 2.8-க்கு 36 மாடிவரை. ஆகவே பதினான்காவது மாடியில் நின்று 2.8-ஐப் பார்க்கிறவர், என்றாவது ஒருநாள் அடுத்த வீட்டுத் துணிக்கொடியைப் பார்க்கப்போகிறவர்.

மஞ்சளுக்குக் கதை வேறு. அது ஒதுக்கி வைத்த நிலம். என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். சில பேர் அதைப் பார்த்துவிட்டு ‘அப்பாடா, கட்டமாட்டார்கள்’ என்று மூச்சு விடுகிறார்கள். முடிவு செய்யவில்லை என்பதை விட்டுவிட்டார்கள் என்று படிப்பது நம் ஆசை. வரைபடம் அப்படிச் சொல்லவில்லை.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். “அண்ணே, அது சும்மா பிளான்தானே. எப்ப வருமோ யாருக்குத் தெரியும்” என்றார். எப்போது வரும் என்பது தெரியாதுதான், அதில் அவர் சொன்னது சரி. சும்மா என்றதுதான் தவறு. பெருந்திட்டம் திட்டமிடல் சட்டத்தின்கீழ் வருவது. அடுத்த 10 முதல் 15 ஆண்டுக்கு எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை அதுதான் சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்கிறார்கள். அதற்கும் மேலே ஐம்பது ஆண்டுவரை பார்க்கிற நீண்டகாலத் திட்டம் ஒன்று இருக்கிறது. 1971-ல் ஐக்கிய நாட்டு அமைப்பின் உதவியோடு அதன் முதல் வடிவம் வந்தபோது எனக்கு மூன்று வயது. நடுவில் நீர்ப்பிடிப்புக் காடு, அதைச் சுற்றி வளையமாக நகரங்கள், அவற்றை இணைக்க ரயில், விமான நிலையம் சாங்கியில் என்று அப்போதே கோடு போட்டுவிட்டார்கள். ரயில் ஓடத் தொடங்கியது 1987-ல். பதினாறு வருடம் ஒரு கோடு தாளில் காத்திருந்தது. இந்த ஊரில் ‘சும்மா பிளான்’ என்பதன் லட்சணம் இது.

கரியமில வாயு பற்றி நம் யாருக்கும் கவலையில்லாத காலத்தில் போட்ட அந்தக் கோடுதான் இன்று நம்மைக் காரில்லாமல் வாழவைக்கிறது என்பது என் கட்சி. படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு என் வண்டியே கணக்கு. 2.8 இருக்கும் பேட்டையில் ஒரு நிறுத்தத்தில் நாற்பது பேர் ஏறுவார்கள். தரைவீட்டுப் பேட்டைக்குள் திரும்பினால் மூன்று நிறுத்தத்துக்கு ஒருவர். அவரும் அந்த வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணாக இருப்பார். வீட்டுக்காரர் பக்கத்துத் தடத்தில் காரில் என்னை முந்திக்கொண்டு போவார். இரண்டு இடத்திலும் என் வண்டி குடிக்கிற டீசல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவரை ஏற்றிப்போக எவ்வளவு புகை என்று வகுத்துப் பார்த்தால் அந்த எண்ணின் அருமை புரியும். சாலைகளே இந்தத் தீவின் நிலத்தில் 12 விழுக்காட்டைத் தின்றுவிட்டதாக நிலப் போக்குவரத்து ஆணையம் 2013-ல் சொன்னது. வீடுகளுக்கு 14 விழுக்காடு. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி! 2018 முதல் கார்களுக்கான வளர்ச்சி விகிதத்தைச் சுழியத்தில் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் என் பேருந்தை நிரப்புகிற அதே 2.8 தான் சன்னலுக்கு வெளியே இருக்கும் அல்பீசியாவை விழுங்கப்போகிறது. இங்கேதான் அந்த ஒரு மதிப்பெண் போனது. வரைபடம் நிலத்தின் நாளையைத் தசம புள்ளியோடு சொல்கிறது. இன்று அங்கே என்ன நிற்கிறது, எத்தனை மரம், மண்ணில் எவ்வளவு கரிமம் அடைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அது அந்த வரைபடத்தின் வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் யாருடைய வேலை என்று தேடிக் கிளம்பினால் கால் வலிக்கும். நிலத்தின் நிறம் ஒரு ஆணையத்திடம். வீடு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவிடம். சாலை இன்னொரு ஆணையத்திடம். மரம் தேசியப் பூங்காக் கழகத்திடம். அவர்கள் சட்டத்தில் ஓர் அழகான அளவு இருக்கிறது: காலி நிலத்தில் நிற்கும் மரம், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டினால், அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. நான் ஒருநாள் வேலியோரம் நின்ற மரத்தைக் கையால் கட்டிப் பார்த்தேன். என் இரண்டு கையும் எட்டவில்லை. ஆக அந்த மரத்துக்கு அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம், நிலம் குடியிருப்பாயிற்றே.

கரிம வரி? 2019-ல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024-ல் 25, 2026-ல் 45 என்று ஏறிக்கொண்டு வருகிறது. அது பெரிய ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும். ஒரு துண்டுக் காட்டைத் துடைத்தால் அந்தக் கணக்கில் பில் வராது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்கிறார்கள். அதற்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது, திட்டமிடல் அனுமதியோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இது குறையாகவே படுகிறது. மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளமாட்டார். ‘சட்டம் போட்டால் வீடு இன்னும் தாமதமாகும் மாமா’ என்பார். அவர் வீடு தேடிக்கொண்டிருந்தவர், அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்.

நிறம் மாறவே மாறாது என்றும் நினைக்க வேண்டாம். உபின் தீவின் செக் ஜாவா கரையில் கடலைத் தூர்க்கும் திட்டத்தை 2001-ல் தள்ளிவைத்தார்கள். டோவர் காடு இன்னும் நல்ல பாடம். 33 ஹெக்டர், 2003 முதலே அது குடியிருப்பு நிலம். 2020 கடைசியில் வீவக ஆய்வு அறிக்கை வெளியில் வந்த பிறகுதான் ஊர் கூடிக் குரல் கொடுத்தது. 2021 ஜூலையில் கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை, பத்து வருடம் கழித்துப் பார்ப்போம் என்று முடிவானது. நான் சொல்ல வருவது அந்தப் பதினேழு வருடத்தை. அத்தனை காலமும் நிறம் எல்லார் கண் முன்னாலும் இருந்தது. அங்கே காலையில் நடக்கப் போனவர்களில் எத்தனை பேர் வரைபடத்தைத் திறந்திருப்பார்கள்? பெருந்திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். 2025 ஜூன் 25-ஆம் தேதி அப்படி ஒரு கண்காட்சி மேக்ஸ்வெல் சாலையில் ஆணையத்தின் கட்டடத்தில் திறந்தது. அன்று நான் வேலையில் இருந்தேன். நம் ஆட்கள் பெரும்பாலும் வேலையில்தான் இருப்போம்.

பிறகு ஒரு சனிக்கிழமை மனைவியோடு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடம் இருக்கிறது, அதற்கும் நுழைவு இலவசம். ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், மூடியிருக்கும். நகர மையத்தை 1:400 அளவில் மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மனைவி “கொலு மாதிரி இருக்குங்க” என்றாள். நன்றாக இருந்தது, எதிரே உணவங்காடியில் சாப்பாடும் நன்றாக இருந்தது. ஆனால் வீடு வாங்க உதவுவது கைப்பேசியில் இருக்கும் வரைபடம்தான்.

பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. சன்னலுக்கு நேரே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். நான்கு பக்கமும் விரலால் தள்ளிப் பாருங்கள். இன்றைக்குத் திடலாக இருப்பது பள்ளிக்கூட நிலமாக இருக்கும், புல்தரையாக இருப்பது சாலைக்கு விட்ட இடமாக இருக்கும். என்னைப் போல் ஐம்பது தாண்டியவர்கள் கணினியில் பார்ப்பது நல்லது. சொற்கள் ஆங்கிலத்தில் அலுவலக நடையில் இருக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் ஏஜெண்டை அதே சன்னலுக்குக் கூப்பிட்டு, கைப்பேசியை நீட்டினேன். மனிதர் கோபப்படவில்லை. “அண்ணே, நீங்க இதெல்லாம் பாப்பீங்களா” என்று மட்டும் கேட்டார். விற்பவரிடம் பேசினார். இருபதாயிரம் மூவாயிரமாகி வந்தது. வீட்டைப் பிடித்து வைக்க மகள் ஆயிரம் வெள்ளி ஆப்ஷன் பணம் கட்டினாள், அது செல்லும் இருபத்தொரு நாளைக்குள் மற்ற வேலைகளும் முடிந்தன. ஆமாம், அந்த வீட்டைத்தான் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் பக்கம், பேருந்து நிறுத்தம் கீழேயே, எனக்கும் இரண்டு நிறுத்தம்தான்.

கிளி உண்மையாகவே வருகிறது. சாயங்காலத்திலும் வருகிறது, பேத்தி அதைப் பார்த்துத்தான் சோறு சாப்பிடுகிறாள். போன மாதம் திரைச்சீலைக்கு அளவெடுக்க ஆள் வந்திருந்தார். எல்லாச் சன்னலுக்கும் மெல்லிய துணி சொன்ன மகள், சமையலறைச் சன்னலுக்கு மட்டும் இரட்டைக் கம்பி போடச் சொன்னாள். எதற்கம்மா, எதிரே யாருமே இல்லையே என்றார் அவர். “வருவாங்க” என்றாள்.