மேடையில் கோடநாடு, வாசலில் தேயிலை விலை

நீலகிரியில் ஓட்டுக் கேட்க இரண்டு பேச்சு உண்டு. ஒன்று சட்டம் ஒழுங்கு. 2017 ஏப்ரலில் மறைந்த ஜெயலலிதாவின் கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்டதை 2021 பிரசாரத்தில் தி.மு.க. விடாமல் பேசியது. கோடநாடு அடங்கிய குன்னூர் தொகுதி அ.தி.மு.க.விடமிருந்து கைமாறியது. சரி, பேச்சு எடுபட்டது என்றே வைப்போம். அப்புறம் கூடலூர்? அது அதே தேர்தலில் தி.மு.க.விடமிருந்து அ.தி.மு.க.வுக்குப் போனதே!

இன்னொன்று வயிற்றுப் பேச்சு. பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை, கூடலூர் பக்கம் பழைய ஜமீன் வசமிருந்த ஜென்ம நிலத்துக்குப் பட்டா வருமா, ராத்திரி யானை வந்தால் யாரைக் கூப்பிடுவது. கொலை வழக்கை டீக்கடையில் சுவாரசியமாகக் கேட்பார்கள்; இலை மூட்டையோடு எடை போட நிற்கும்போது விலையைத்தான் கேட்பார்கள். ஏற்கெனவே கோபத்தில் இருப்பவரைச் சட்டம் ஒழுங்குப் பேச்சு உசுப்பிவிடும். அதற்காகவே ஒருவர் கட்சி மாறி ஓட்டுப் போடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.