மத்திய சட்டம், மாநிலச் சட்டம் என்று பேசியே 46,000 ரூபாயை அமுக்கிய ரம்மி ஆப்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேலத்தில் இன்னும் எத்தனை பேருக்கு அந்த லிங்க் போயிருக்கிறதோ தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆர்டர் குறைந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது அந்த ரம்மி ஆப். பிளே ஸ்டோரில் கிடையாது, லிங்க்கை அழுத்தித்தான் இறக்க வேண்டும். பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பான்.

"இதெல்லாம் தடை பண்ணிட்டாங்களே?" என்று முதலிலேயே கேட்டேன். கஸ்டமர் கேரிலிருந்து ஒருத்தன் போனில் வந்தான். அச்சு அசல் நம்ம ஊர்ப் பேச்சு. "சூதாட்டம், அரசியலமைப்புல மாநிலமே சட்டம் போடற மாநிலப் பட்டியல்ல 34ஆவது இனமுங்ணா, டெல்லி சட்டம் இங்க செல்லாது. மாநிலச் சட்டத்துல ரம்மியைச் சேர்த்த அட்டவணையை 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றமே ரத்து பண்ணிடுச்சு. வேணும்னா தேடிப் பாருங்க." தேடினேன். தீர்ப்பு உண்மைதான். அங்கேதான் நம்பினேன். வக்கீல் மாதிரி பேசுகிறவன் திருடனாக இருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

அவன் மறைத்தது இது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஆட்டம் திறமையால் ஜெயிப்பதா அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பதா என்றே பார்ப்பதில்லை. பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டமும் தடை. நடத்துகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்ததும் பெரிய நிறுவனங்களே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. சரி, மாநில விதிப்படியாவது நடந்தானா? நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்று அந்த விதி சொல்கிறது. இவன் ஆப் ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடியது. ஆதாரை யாரும் கேட்கவே இல்லை.

ஆரம்பத்தில் 700 ரூபாய் எடுத்தேன், உடனே வங்கிக்கு வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக 19,000 போட்டேன். ஜெயித்ததாக 90,000 காட்டியது. எடுக்கப் போனால் 30 சதவீத வரியை, அதாவது 27,000 ரூபாயை, முன்னாடியே கட்டச் சொன்னார்கள். கட்டினேன். மொத்தம் 46,000.

அதற்குப் பிறகு "கேஒய்சி நிலுவை" என்றார்கள். அடுத்து "சர்வர் வேலை நடக்குது", அதற்கடுத்து "மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேங்ணா". கடைசியில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான்.

வங்கியில் "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க என்ன பண்றது?" என்று முடித்துக்கொண்டார்கள். காவல் நிலையத்தில் இன்னும் மோசம். "ஆடுனவனுக்கும் மூணு மாசம் ஜெயில், ஐயாயிரம் அபராதம் இருக்கு. எழுதிக் குடுக்கறியா?" என்றார் ஒருவர். மாநிலச் சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் மத்திய சட்டம் ஆடியவனைத் தண்டிப்பதில்லை, ஏமாற்றுப் புகார் கொடுக்க எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. 46,000 ரூபாய் போனவனைப் பயமுறுத்தி அனுப்புவதற்கா நிலையம்?

வரியை முன்கூட்டிக் கட்டு என்று கேட்டால் அவன் திருடன். உண்மையான டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே கழிக்கிற வரி, ஜெயித்த பணத்திலேயே பிடிக்கப்படும். பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள், அடுத்த கணக்குக்கு அது தாவுவதற்குள். யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். லிங்க் அனுப்பியவர் சொந்தக்காரராக இருந்தாலும் இறக்காதீர்கள். சைபர் கிரைம் பிரிவுக்குக் கிளம்ப வேண்டும், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.